தொடையில் அம்போடு ஒரு மிளா

ஆகஸ்ட் 11, திங்கள்

விடிந்ததிலிருந்து நூல் மழை. ஜீப்பில் வைப்பர் ஒரு பக்கம்தான் வேலை செய்கிறது, அதுவும் டிரைவர் பக்கம் இல்லை.

ரேஞ்ச் ஆபீஸிலிருந்து போன். உடும்பஞ்சோலைக்குக் கீழே ஒரு ஏலக்காட்டில் பெட்டை மிளா மான், பின்தொடையில் அம்பு குத்தி நிற்கிறதாம். அம்பா? நம்பவே இல்லை. கம்பிக் கண்ணியில் மாட்டினதைப் பார்த்திருக்கிறேன், அம்பு இதுதான் முதல் தடவை. அந்தக் காட்டில் காய் எடுக்கிற செல்லக்கனி அக்கா செல்போனில் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். அலுமினியத் தண்டு, வால் பக்கம் ஆரஞ்சு பிளாஸ்டிக் இறகு. ஆன்லைனில் வாங்குகிற வில்லாம். துப்பாக்கி என்றால் சத்தம் ஊரைக் கூட்டும், இது சத்தமே போடாது. எந்தக் கட்டையில போறவன் செய்த வேலையோ. கேஸ் எழுதியாச்சு, ஆள் அகப்படவில்லை.

எங்கள் பெரிய கால்நடை டாக்டர் வேறு மாவட்டத்தில் புலி பின்னால் அலைகிறார். போனில் ஒரே வரி: “நீயே சுடு.”

நானா! இத்தனை நாளும் மருந்து கலந்து நீட்டுவதுதான் என் வேலை. மயக்கத் துப்பாக்கியால் இதுவரை சுட்டது அட்டைப் பெட்டியை மட்டும். பயமா குஷியா தெரியவில்லை. குஷிதான்.

மறக்கக் கூடாதவை: மயக்க மருந்து. எழுப்புகிற மருந்து. கண் கட்டத் துணி. அட்டைப்பூச்சிக்கு உப்பு. பிஸ்கட்.

மதியம் வாட்சர் பால்ராஜோடு (இனி பா.) போய்ப் பார்த்தேன். மிளா இல்லை, ரத்தம் இருந்தது. ஏல இலை அடியில், மழை படாத பக்கம். விரலில் தொட்டு மோந்து பார்த்தேன். நுரை இல்லை, அப்போ நுரையீரலில் படவில்லை. அரைத்த புல் நாற்றம் இல்லை, அப்போ வயிறும் தப்பியது. வெறும் சதை ரத்தம். பிழைக்கிற ரத்தம்! பா. என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். “மேடம், வீட்ல போயிக் கைய நல்லாக் கழுவுங்க.”

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மழை நின்றது. மூடுபனி. மானம் போன நாள், முழுசாக எழுதிவிடுகிறேன்.

அடிபட்ட மானுக்கு ஒரு வழக்கம் உண்டு. பட்டதும் பின்காலை உதறித் துள்ளும், கண்மண் தெரியாமல் ஓடும். யாரும் துரத்தவில்லை என்றால் கொஞ்ச தூரத்திலேயே அடர்ந்த இடம் பார்த்துப் படுத்துக்கொள்ளும், அதுவும் வந்த வழியைப் பார்த்தபடி. துரத்தினால் போச்சு. ஓடி ஓடி உடம்பு சூடேறி, காயத்தால் சாகாதது ஓட்டத்தால் சாகும். அதனால் பூனை மாதிரி போக வேண்டும்.

போனோம். நானும் பா.வும் பச்சை மழைக்கோட்டு, ஏலத்தட்டைக்குள் தவழ்ந்து தவழ்ந்து. பார்த்தேவிட்டேன்! சரிவுக்குக் கீழே செடி மறைவில் படுத்திருக்கிறாள். காது மட்டும் இப்படியும் அப்படியும் திரும்புகிறது. ஆரஞ்சு இறகு தெரிகிறது. இன்னும் கொஞ்சம் நெருங்கினால் போதும். துப்பாக்கியை எடுத்துத் தோளில் வைக்கிறேன்.

“ஆனை! ஏய், ஆனைடீ!”

மேலே வரிசையாகப் பெண்கள். தகர டப்பா, தட்டு, ஒருத்தி விசில். மலையே அதிர்ந்தது. மிளா எழுந்து ஒரே பாய்ச்சல், போயே போய்விட்டாள். நாங்கள் யானைக்குப் பயந்து திரும்பிப் பார்க்கிறோம். யானையும் இல்லை பூனையும் இல்லை. ஆனை நாங்கள்தான்! நாங்கள் தவழ்ந்ததில் செடி ஆடியிருக்கிறது.

செல்லக்கனி அக்கா டப்பாவைக் கீழே போடாமலே வந்தாள். “நாங்க என்னத்தக் கண்டோம் டாக்டரம்மா? இந்தக் காட்டுல செடி ஆடுனா ஆனைதேன். போன மாசம் சும்மா இருந்ததுக்கு லயத்து வீட்டுக் கதவப் பேத்துட்டுப் போச்சு.”

அவள் சொல்வது நியாயம். ஆனால் என் மிளா ஓடிக்கொண்டிருக்கிறாள். அழுகை வந்தது, மழைக்கோட்டுத் தொப்பியை இழுத்து மூடிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 13, புதன்

வெயில்! துணி காய்ந்தது.

ரேஞ்சர் கறாராகச் சொல்லிவிட்டார், நாளைக்கு ஒரு நாள்தான். அப்புறம் ஜீப்பும் ஆட்களும் போடிமெட்டுப் பக்கம் போக வேண்டும். நாளைக்கு விட்டால் காயத்தில் புழு வைக்கும். அவ்வளவுதான், முடிந்தது.

இன்று தேடல் மட்டும், துரத்தல் இல்லை. சாயங்காலம் பா. கண்டுபிடித்துவிட்டான், அதே காட்டில்தான், ஓடைக்கு மேல் சரிவில். பச்சைத் தண்டு மென்றுகொண்டிருந்ததாம். மெல்லுகிறாள்! சாப்பிடுகிற ஜீவன் சாகத் தயாராகவில்லை.

லயத்துக்குப் போய்க் கையெடுத்துக் கும்பிட்டேன். நாளைக்கு ஒரு நாள் தகரம் வேண்டாம், கூச்சல் வேண்டாம், பாட்டு வேண்டாம், வாயே திறக்க வேண்டாம். யானை வருகிறதா என்று பார்க்க மேட்டில் பா.வின் மச்சான் நிற்பான். தோட்டத்துச் சூப்பர்வைசர் அதை யானைத் தகவல் வாட்ஸாப் குழுவிலும் போட்டார். பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்தார்கள். “பேசாம காயெடுக்கணுமா? அதுக்கு ஆனையே வரலாம்.” செல்லக்கனி அக்கா மட்டும் சிரிக்கவில்லை. “நாங் கெடுத்தேன்ல. நா பாத்துக்குறேன்.”

எங்கள் ஊர் எருத்தேன்பதியிலிருந்து அம்மா போன். “ஏங்கண்ணு, ஊசி போடறதுக்கு எதுக்குத் துப்பாக்கி? கையில போட்டா ஆவாதா?”

“கையில போட நிக்காதுங்கம்மா, ஓடிப்போயிருமுங்க.”

“உன்ன மாதிரியே போல. சாப்புட்டயா?”

ஆகஸ்ட் 14, வியாழன்

சுட்டேன்! சுட்டேன்! சுட்டேன்! எழுத்து கோணல்.

வரிசையாக எழுத வேண்டும். காலைப் பனி விலகியதும் போனோம். காடு முழுக்க அப்படி ஒரு அமைதி, காய் கூடையில் விழுகிற சத்தம் கேட்டது. அவள் பக்கவாட்டில் நின்றாள். மூச்சைப் பிடித்தேன். டப். காயம்படாத தொடையில் ஊசியின் சிவப்புக் குஞ்சம் நிற்கிறது! பின்காலை உதறினாள், துள்ளினாள், மேட்டைப் பார்த்து ஓட்டம். என் காலும் தன்னால் கிளம்பியது. துரத்தக் கூடாது என்று எல்லோருக்கும் பாடம் எடுத்தவள் நான்தான். ஈரத் தரையில் தொப்பென்று உட்கார்ந்துகொண்டேன். பா. வாயைப் பொத்திச் சிரித்தான்.

மருந்து பிடிக்கிற நேரம் வரை காத்திருந்து மேட்டில் தேடினோம். இல்லை. பாறை இடுக்கு, வேலி ஓரம், எங்கும் இல்லை. நேரம் ஆக ஆக எனக்கு வேர்த்துவிட்டது. மயங்கின மான் தலை கவிழ்ந்து விழுந்தால் மூச்சு அடைத்துப் போகும். ஒரு கூப்பாடு இல்லை, ஒரு சத்தம் இல்லை. சுட்டுக் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன்.

பா. ஏதோ தோன்றிக் கீழே ஓடைக்கு இறங்கினான். பின்னாலேயே நான்.

இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்திருக்கிறாள் செல்லக்கனி அக்கா. மடியில் மிளாவின் தலை. தலைத்துண்டை அவிழ்த்துக் கண்ணைக் கட்டியிருக்கிறாள். உதடு நீலம் பாரித்துக் குளிரில் நடுங்குகிறாள், தலையை மட்டும் தண்ணீர் படாமல் தூக்கிப் பிடித்தபடி. மேட்டில் ஏறின மிளா ஒரு சுற்று சுற்றிக் கீழே வந்து தண்ணீரில் சரிந்திருக்கிறது.

“அக்கா! ஒரு சத்தம் குடுத்திருக்கக் கூடாதா?”

கிசுகிசு என்றாள். “நீங்கதேன வாயத் தொறக்கப்படாதுன்னு சொன்னீக?”

நான் என்ன செய்தேன் தெரியுமா, தண்ணீரிலேயே அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். மிளா நடுவில்.

கரைக்கு இழுத்தோம், ஆளுக்கொரு கால். அம்பு எலும்பில் படவில்லை. முள் முனையாக இருந்தது, பக்கத்தில் கீறித்தான் எடுக்க முடிந்தது. மயிர் மழித்து, கழுவி, தையல், ஊதா மருந்து. எழுப்புகிற ஊசி. எல்லோரையும் மேட்டுக்கு விரட்டினேன். தலை ஆடியது. முன்கால். பின்கால். நின்றாள். எங்களைப் பார்க்கவே இல்லை, தண்ணீரைத் தாண்டி நடந்து செடிக்குள் போய்விட்டாள்.

அம்பு ரேஞ்சரிடம், சீல் வைத்தாச்சு. அக்காவுக்குப் பால் ஊற்றாத கட்டன் சாயா மேல் கட்டன் சாயா.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடி, மிட்டாய். ஆட்கள் போடிமெட்டுக்குப் போயாச்சு. மிளாவைப் பற்றித் தகவல் இல்லை. தையல் பிரிந்திருந்தால்? பேன்ட்டிலிருந்து அட்டை விழுந்தது, உப்பைக் காணோம்.

ஆகஸ்ட் 18, திங்கள்

தகவல் இல்லை. மழை. பெரிய டாக்டர் கேட்டார், “பிழைச்சுதா?” தெரியாது சார் என்றேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

பல் விளக்கும்போது போன். செல்லக்கனி அக்கா. இன்று கிசுகிசு இல்லை, போனைக் காதை விட்டுத் தள்ளிப் பிடித்தேன்.

“டாக்டரம்மா, ஒங்க மிளா எங்க லயத்துப் பின்னாடி வந்து பீன்ஸ் பூராத்தையும் தின்னுட்டுப் போயிருச்சு! தொடையில மயிர் செரச்சது, ஊதா அப்புனது, அதே சிறுக்கிதேன்! வெரட்டுனா வேலியத் தாண்டுது, ஆளு ஒசரம் வேலிய! ஒரு பிஞ்சு விடல. அன்னைக்கே தண்ணியில விட்டுருக்கணும் அவள!”

பேஸ்ட் நுரையோடு குளியலறையில் குதித்தேன். அக்கா மூச்சு வாங்க நிறுத்தினாள்.

“இன்னும் திட்டுங்க அக்கா,” என்றேன்.