ருசி பார்த்த கையெழுத்து

வியாழன், இரவு.

திங்களன்று மதிய உணவுக்குப் பின் வாந்தியெடுத்த பதினோரு பிள்ளைகளும் இன்று பள்ளிக்கு வந்துவிட்டார்கள். அவர்களோடு ஜீப்பில் மலையிறங்கி ஆஸ்பத்திரிக்குத் துணைபோன சமையலர் அஞ்சலைதான் இன்னும் மனம் தேறவில்லை. காலை பத்து மணியாகியும் அடுப்பைப் பற்றவைக்காமல் சமையலறை வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்.

தலைமையாசிரியர் என்ற முறையில் ஆறுதல் சொல்லப் போனேன்.

"பல்லி வுழுந்துச்சா, இன்னா வுழுந்துச்சுன்னு ஊரே கேக்குது சார். நான் இன்னா சார் பண்ணேன்?"

"உங்க மேல ஒரு தப்பும் இல்லம்மா."

"ரூமுக்கு அனுப்புன தட்டுல சார் ருசி பார்த்தப்புறந்தான் போட்டோம், நோட்டுல கையெழுத்து இருக்குது பாருங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு இருக்கேன். அந்தத் தைரியத்துலதான் இன்னிக்கு வந்தேன்."

நான் தலையாட்டினேன். அவர் எழுந்து அடுப்பைப் பற்றவைத்தார்.

பரிமாறும் முன் ஆசிரியர் ஒருவர் சாப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. வாரத்துக்கான ஐந்து கையெழுத்தையும் திங்கள் காலையிலேயே போட்டுவிடுவது என் வழக்கம்.

இன்று சமையலறைக்கே போய் சாம்பாரும் சோறும் வாங்கிச் சாப்பிட்டேன். உப்பு கொஞ்சம் கம்மி. அறைக்கு வந்து பேனாவோடு நோட்டைத் திறந்தேன்.

இன்றைய தேதியில் கையெழுத்து இருந்தது. நாளைய தேதியிலும் இருந்தது.