இலைக்கு முன் மௌனம்

ஸ்ரீரங்கம்
12-8-1957

உங்களுக்கு அடியாள் சேவித்து எழுதுவது. இங்கே எல்லாரும் சௌக்கியம்.

ஜீயபுரத்திலிருந்து என் தங்கை கடிதம் போட்டிருக்கிறாள். "கரூர் போற வழியில அத்திம்பேர் வந்தார். சாப்பிடறச்சேயே, 'உன் சாத்தமுது வெறும் ரசமில்லே, அமிர்தம்'னு நாலு தரம் சொன்னார்" என்று எழுதியிருக்கிறாள். சந்தோஷம்.

பதினோரு வருஷமாக இங்கே நீங்கள் மந்திரம் சொல்லி இலையைச் சுற்றி நீர் விட்டால், எழுந்திருக்கிறவரை வாய் திறந்ததில்லை. அது ஆசாரம் என்று, உப்பு போதுமா என்றுகூட நான் கேட்டதில்லை. ஜீயபுரத்தில் அந்த மந்திரம் கிடையாதோ?

நானும் பாசுரம் சொல்லிக்கொண்டேதான் தளிகை பண்ணுகிறேன். ருசி பார்க்காமல் முதலில் பெருமாளுக்குத்தான் வைக்கிறேன். அவரும் இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஆனால் அவர் என் தங்கை வீட்டிலும் வாய் திறப்பதில்லை.

இப்படிக்கு,
அடியாள்