நான்காவது பாட்டின் கிழவி

பிப்ரவரி 4, 2019
என் கணவர் ரோலண்டை அடக்கம் செய்து பத்தொன்பது நாள். டோஸ்ட் கருகியது. அதையே தின்றேன். ருசி தெரியவில்லை. தெரியாததில் வருத்தமும் இல்லை.

பிப்ரவரி 6
லண்டனிலிருந்து கல்லம் என்றொரு விமர்சகர் போன் செய்தார். எங்கள் இசைக்குழு 1973-ல் போட்ட கடைசி இசைத்தட்டைப் பற்றிப் பெரிதாக எழுதப்போகிறாராம். அன்றைக்கு அதை யாரும் சீண்டவில்லை.

"நாட்டுப்பாட்டும் ராக்கும் இவ்வளவு இயல்பா சேர்ந்த தட்டு வேற இல்லைங்க. அதுலயும் அந்த நாலாவது பாட்டு..."

எங்கள் டிரம்மர் நெவிலிடம் சொன்னேன். "அந்தத் தட்டு மூணுதான் வித்துச்சு, ப்ரெண்டா. அதுல ரெண்டு எங்கம்மா வாங்கினது" என்றான். சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது.

பிப்ரவரி 9
கல்லம் கேள்விகள் அனுப்பியிருக்கிறார். நான்காவது பாட்டை எனக்குச் சொல்லிக்கொடுத்த விட்பி ஊர் மீன்காரக் கிழவி மேகி எந்தத் தெரு? உறவினர் யாராவது உண்டா?

மேகி என்று யாருமில்லை. பாட்டை எழுதியது நான், இருபத்துநாலு வயதில். நாங்கள் பாடிய நாட்டுப்பாட்டு கிளப்புகளில் பழம்பாட்டுக்குத்தான் மதிப்பு; சொந்தப் பாட்டு என்றாலே கேட்பவர்கள் பீர் வாங்க எழுந்துவிடுவார்கள். அவர்களையும் மிஞ்சியவர், குழுவில் பாடிய என் கணவர். "நேத்து எழுதினதெல்லாம் நான் பாட மாட்டேன்" என்பார். அதனால் பழம்பாட்டு என்று நம்பவைக்க ஒரு கிழவியை உண்டாக்கினேன். தட்டின் உறையிலேயே அச்சாகிவிட்டாள். யார் கேட்டாலும் ரோலண்ட் அவள் கதையைச் சொன்னார், சாகும்வரை.

இப்போது உண்மையைச் சொன்னால் செத்தவர் ஏமாளி ஆவார். சொல்லாவிட்டால் — நான் எழுதிய ஒரே பாட்டு இல்லாத ஒருத்திக்குப் போகும்.

பிப்ரவரி 10
பதில் எழுதவில்லை. மழை.

பிப்ரவரி 13
கல்லம் வந்தார்.

"அந்தப் பாட்டுல மட்டும் உங்க வயலின் இல்லையே?"

"பதிவு அன்னிக்கு எழுந்து போயிட்டேன்."

"அப்புறம் கேட்டதே இல்லையா?"

"இல்ல."

தட்டைச் சுழலவிட்டார். கடலுக்குப் பறிகொடுத்த மகனைத் தாய் தேடும் பாட்டு. அவனுக்கு ஜாக் என்று பெயர் வைத்திருந்தேன்; பழம்பாடல்களில் பாதிப் பேர் ஜாக்தான். ரோலண்டின் இளங்குரல். தாய் கூப்பிடும் இடம் வந்தது. அவர் பாடியது ஜாக் இல்லை. எட்வின்.

பதிவுக்கு முந்தைய வருஷம் உயிரில்லாமல் பிறந்த எங்கள் பிள்ளைக்கு வைக்க நினைத்த பெயர் அது. எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

தெரிஞ்சிருக்கு எம் புருஷனுக்கு. யார் எழுதினது, யாரைப் பத்தினது, எல்லாம். தெரிஞ்சுக்கிட்டேதான் அந்தக் கிழவி கதையை நாப்பத்தாறு வருஷமா — ஏன் எங்கிட்ட சொல்லல? நான் சொல்லாததாலயா?

கல்லம் எதிரில் இருக்கும்போதே அழுதேன். அடக்கத்தன்று வராத அழுகை. அவர் பாவம், டீக்கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி 14
கல்லமுக்கு எழுதினேன்: "மேகி என்று யாருமில்லை. பாட்டு என்னுடையது. பாடியவருக்கு அது தெரியும்."