மாமா கேட்ட கட்டில்

என் பாசத்துக்குரிய மாமிக்கு,

நீங்கள் இருந்தபோது நாம் பேசிக்கொண்டதைவிட முறைத்துக்கொண்டதுதான் அதிகம். இப்போது உங்களிடம் சொல்ல அவ்வளவு இருக்கிறது. லிந்துலைப் பக்கம் பின்னேரமானால் மழை. நீங்கள் நட்ட சேம்பு நன்றாக வந்திருக்கிறது. உங்கள் பேத்தி கௌசி ஏ.எல். பரீட்சைக்குப் படிக்கிறாள். உங்கள் மகன் வழக்கம்போல எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறார். மாமாவைப் பற்றிச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நீங்கள் போனதும் நாங்கள் ஒரு காரியம் செய்தோம். உயிர் போன கட்டிலை வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னார்கள். கருமாதி அன்று, மாமா ஆற்றுக்குப் போயிருந்த நேரத்தில், பாய் தலையணையோடு அதையும் கொடுத்தனுப்பிவிட்டோம். வழக்கம்தானே, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? மாமா திரும்பி வந்து வெறும் அறையைப் பார்த்தார். அன்றிலிருந்து ஹாலில் பாய் விரித்துப் படுத்தார். அது அவருடைய கட்டிலும்தான் என்பது எங்களில் ஒருவர் புத்திக்கும் எட்டவில்லை, மாமி.

தையில் பனி இறங்கியதும் அவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. இனித் தரையில் படுக்க விடக் கூடாது, கட்டில் வாங்கியே ஆக வேண்டும் என்றாகிவிட்டது. உங்கள் அறைதான் உங்களுக்குத் தெரியுமே. லயத்து வரிசை வீட்டை விட்டு வந்த தனி வீடு என்று பெயர்தான் பெரிது. அகலக் கட்டில் போட்டால் கதவு பாதிதான் திறக்கும். கௌசிக்குப் படிக்க ஒரு மேசை வேண்டும், அதற்கும் அந்த அறையை விட்டால் வேறு இடம் இல்லை. பகலில் அவள் படிக்க வேண்டும், இரவில் மாமா படுக்க வேண்டும். நானோ பிள்ளைக் காம்பராவில், தேயிலைத் தோட்டத்துக் குழந்தைகளை எல்லாம் ஒரே அறையில் தூங்க வைக்கிறவள். இடத்தை மிச்சம் பிடிக்க எனக்கா சொல்லித் தர வேண்டும் என்று ஒரு திமிர் எனக்கு.

தலவாக்கலையில் கடை கடையாக ஏறி இறங்கினேன். பகலில் சோபாவாகிற கட்டில் ஒன்று, சுவரோடு மடித்து வைக்கிறது ஒன்று, கீழே மேசையும் மேலே படுக்கையுமாக ஒன்று. மூன்றாவதைப் பார்த்துவிட்டு, தாத்தா ஏணியில் ஏறுவாரா என்று கௌசி சிரித்தாள். சுவரோடு மடிப்பதுதான் சரி என்று நான் முடிவு செய்தேன். ஓர் ஆள் படுக்கிற அகலம். போனில் படம் எடுத்து வந்து மாமாவிடம் காட்டினேன்.

அவர் போனைத் தூரத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"ரெண்டு பேரு படுக்குறது கெடைக்காதாம்மா?" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு சாண் இடத்துக்கு நான் அல்லாடுகிறேன், ஒற்றை ஆளுக்கு இரட்டைக் கட்டில் கேட்கிறாரே! அப்படியானால் கௌசியின் மேசையை எங்கே போடுவது என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போனது. புள்ள படிக்கட்டும், எனக்குப் பாயே போதும் என்று அவர் எழுந்து போய்விட்டார். இத்தனை வருடத்தில் எதையுமே கேட்காத மனிதர். உங்கள் மகன் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

கடைசியில் வழி சொன்னது கௌசிதான். ஒரு கட்டிலுக்கு அடியில் இன்னொரு கட்டில் சக்கரத்தில் இருக்குமாம், வேண்டும்போது இழுத்துக்கொள்ளலாமாம். பகலில் மேசைக்கு இடம் கிடைக்கும், விருந்தாளி வந்தால் படுக்கையும் இருக்கும். மாமாவிடம் சொன்னதும் அவர் முகம் தெளிந்தது. கினிகத்தேனையில் ஒரு சிங்கள பாஸ், நல்ல தச்சு வேலைக்காரர், செய்து தருவதாகச் சொன்னார். அங்கே போக மாமாவும் என்னோடு பஸ் ஏறினார்.

பட்டறையில் இருவரும் சிங்களத்தில் வெகுநேரம் பேசினார்கள். அடிக் கட்டில் தரையோடு தாழ்ந்து கிடக்கக் கூடாதாம். வெளியே இழுத்ததும் கால்கள் விரிந்து, மேல் கட்டிலின் மட்டத்துக்கு உயர வேண்டுமாம். அது கூடுதல் வேலை என்று பாஸ் தலையைச் சொறிந்தார். வருகிற விருந்தாளி ஓர் இரவு தாழப் படுத்தால் குறைந்தா போவார் என்று நான் முணுமுணுத்தேன். மாமா விட்டுக்கொடுக்கவே இல்லை.

கட்டில் வந்து சேர்ந்தது. இழுத்துப் பார்த்தோம், இரண்டும் ஒட்டி ஒரே மட்டத்தில் நின்றன. பொழுது சாய்ந்து கௌசி புத்தகங்களை எடுத்துக்கொண்டு வந்ததும் மாமா உள்ளே போனார். குடிக்க வெந்நீர் கொண்டு போன நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். அடிக் கட்டிலை இழுத்துப் போட்டு, விரிப்பைச் சுருக்கமில்லாமல் நீவி, தலையணையும் வைத்திருந்தார். அவர் சுவர் பக்கத்துக் கட்டிலில், அதன் பக்கம் முகம் வைத்து, ஒருக்களித்துப் படுத்திருந்தார்.

என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தார். வெட்கப்படுகிறவர் மாதிரி இருந்தது.

"லயத்துல இருந்த வரைக்கும் ஒங்க மாமி புள்ளைகளோட உள்ள, நான் வெளிய இஸ்தோப்புல. இங்க வந்துதாம்மா பக்கத்துல படுத்தோம். அதுவும் எத்தன நாளு?"

லயத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தானே, மாமி? இருப்பது ஒரே காம்பரா. பெண்களும் பிள்ளைகளும் உள்ளே, ஆம்பளைகள் முன்பக்கத்து இஸ்தோப்புத் திண்ணையில் குளிரில். நானும் அதைப் பார்த்து வளர்ந்தவள்தான். எனக்கு ஏன் தோன்றாமல் போனது? கல்யாணம் கட்டி ஓர் ஆயுள் கழித்து, இந்த வீட்டில்தான் உங்கள் இருவருக்கும் ஓர் அறை கிடைத்தது. அதிலும் பாதி நாள் நீங்கள் நோயில் கிடந்தீர்கள். அந்தக் கட்டிலைக்கூட விட்டுவைக்காமல் நாங்கள் தூக்கிக் கொடுத்துவிட்டோம். வெந்நீரை வைத்துவிட்டு வந்து அடுப்படியில் நின்று அழுதேன். உங்களுக்காக நான் அப்படி அழுதது அன்றைக்குத்தான்.

சித்திரைக்குக் கொழும்பிலிருந்து உங்கள் சின்ன மகன் வருகிறார். அப்பா அறையில் இன்னொரு கட்டில் இருக்கிறதாமே, இந்த முறை எனக்குத் தரை இல்லை என்று போனில் சந்தோஷப்பட்டார். ஹாலில் பாய் போட்டு வைக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார். வந்து பார்த்தால் தெரியும் என்றேன்.

கவலைப்படாதீர்கள், மாமி. மாமா இருக்கிற வரைக்கும் அந்தப் பக்கம் வேறு யாரும் படுக்க நான் விடமாட்டேன். வாரா வாரம் இரண்டு விரிப்பையும் நானே துவைத்துப் போடுவேன்.

உங்களோடு சண்டை பிடிக்க இன்னும் ஆசையாக இருக்கிற,
உங்கள் மூத்த மருமகள்