உன் அறைக்குக் கீழே ஓடும் கோடு

அன்புள்ள சயோவுக்கு,

நீயும் மாப்பிள்ளை ரெனாத்தோவும் வயிற்றிலிருக்கும் குட்டியும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், நிலமும் இப்போதைக்குச் சும்மா இருக்கிறது. மழை விட்டு வெயில் வந்துவிட்டதால் உப்பில் ஊறிய உமே பிளம் காய்களைக் காயப் போட்டிருக்கிறேன், உனக்கு வாய்க்குப் பிடிக்குமே என்று புளிப்பு தூக்கலாகவே போட்டேன்.

வசந்தத்தில் நிலநடுக்கம் வந்ததிலிருந்து நீ பிரேசிலிலிருந்து போனில் கேட்பது ஒன்றேதான், பிரசவத்துக்கு அங்கே வரலாமா, வீடு தாங்குமா என்று. தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்கு வருவதுதானே நம் வழக்கம், தைரியமாக வா என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். உன் அப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே, எங்காவது கோணல் இருந்தால் அவருக்குச் சோறு இறங்காது. ஆட்டம் நின்ற கையோடு, நடவுக்கு முன்னாலேயே ஒடிந்துபோன வயல் வரப்பை நேராக்கினார், விலகிப்போன தேயிலைச் செடிகளைப் பிடுங்கி ஒரே வரிசையில் நட்டார், உன் அறையின் கதவுச் சட்டத்தை இழைத்துச் சரிசெய்து புதுப் பாயும் போட்டார். அந்தப் புதுப்பாய் வாசனைக்காகவே நான் போய்ப் படுத்துப் பார்த்தேன்.

போன வாரம் செகாவா என்று ஒரு பெண் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தாள், நிலம் எங்கே பிளந்தது என்று வரைபடம் போட. வயலைப் பார்த்துவிட்டு, "இங்க வரப்பு ஒடிஞ்சிருக்கணுமே ஐயா, எங்கே?" என்று கேட்டாள். அப்பா பெருமையாக, "ஒடிஞ்சுதான் கெடந்துச்சு, நான் நேராக்கிட்டேன்" என்றார். அவள் தலையில் கைவைத்துக்கொண்டு, "அடடா, பூமி போட்ட கோட்டையே அழிச்சிட்டீங்களே" என்றாள். இவரோ, "கோணல் வயல்ல நாத்து நட்டா ஊர் சிரிக்காதா?" என்கிறார். நல்லவேளை, கொட்டகைக்குப் போகும் நடைகற்களைத் தொட நான் விடவில்லை. பாதிக் கற்கள் நகர்ந்து துணி உலர்த்தும் கொடிப் பக்கம் போய்விட்டன, எனக்கு அது வசதியாக இருந்தது. அந்தக் கற்கள் விலகிய இடத்திலிருந்து பின்பக்கத்து உடைந்த கல்சுவர் வரை அவள் ஒரு கயிறு கட்டினாள். கயிறு நேராக உன் அறைக்குள் புகுந்து புதுப் பாயின் மேல் போனது.

பார்லி தேநீர் குடித்துக்கொண்டே விளக்கிச் சொன்னாள். கடலடியில் ஒரு புவித்தட்டு நம் நாட்டுக்குக் கீழே நுழைந்துகொண்டே இருக்கிறதாம். அது நெருக்குகிற நெருக்கில் மேலேயுள்ள நிலம் இந்த மாதிரிப் பழைய பிளவுகளில் இறுகி நிற்குமாம். பாறையும் பாறையும் ஒன்றையொன்று பிடித்திருக்கும் வரை ஒன்றுமில்லை, பிடி விட்டதும் ஒரே மூச்சில் வழுக்கும், அதுதான் ஆட்டம். மழையில் உப்பிப்போன நம் இழுப்புக்கதவைத் தள்ளித் தள்ளி, அது திடீரென்று ஓடி உன் விரலை நசுக்கியதே, அதே கதைதான். அப்பா ஒன்றே ஒன்று கேட்டார், "மறுபடி எப்போம்மா?" என்று. "இந்தப் பிளவு பெருசா நகர ஆயிரம் வருஷம்கூட ஆகலாம். ஆனா பக்கத்துப் பிளவுகளுக்கு நான் சத்தியம் பண்ண முடியாது" என்றாள்.

ஆயிரம் வருஷமாம், அப்புறம் என்ன கவலை என்று எனக்கு நிம்மதியாகிவிட்டது. அப்பா எழுந்துபோய் அந்தப் புதுப் பாயைச் சுருட்ட ஆரம்பித்தார். கத்தினேன். "பச்சக்குழந்தய இந்தக் கோட்டு மேல படுக்க வைக்க மாட்டேன்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது சயோ, குட்டியை இந்த வீட்டில் என் கையால் குளிப்பாட்ட எவ்வளவு ஆசைப்பட்டிருந்தேன். வழக்கத்தை எப்படி விடுவது என்று சண்டைக்குப் போனேன். "மலையே ரெண்டு முழம் நகந்துருக்கு, நாம நகரக்கூடாதா? அவ வரவேணாம், நாம போவோம்" என்றார். ரயிலில்கூட ஜன்னலோரம் உட்காரப் பயப்படுகிற மனுஷர், மறுநாளே பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறார், அதுவும் கழுத்துப்பட்டை நேராக இல்லை என்று மறுபடி ஒருமுறை எடுத்துக்கொண்டு.

அதனால் நீ கிளம்பாதே. இலையுதிர்காலத்தில் நாங்கள் பிரேசில் வருகிறோம். உன் அறையைப் பிரித்துவிட்டு அங்கே முள்ளங்கி போடப் போகிறோம், நாங்கள் கிழக்கு அறைக்கு மாறிவிட்டோம். கனமான எதையும் தூக்காதே, காலைச் சூடாக வைத்துக்கொள். குட்டி நல்லபடியாகப் பிறந்து உன்னைப் போலவே பிடிவாதமாக வளரட்டும். மறக்காமல் மாப்பிள்ளையிடம் சொல், உங்கள் வீட்டில் கோணலாக ஏதாவது அலமாரி இருந்தால் சரிசெய்யாமல் அப்படியே வைத்திருக்கட்டும். பிரசவ வலி வரும்போது உன் அப்பாவுக்குக் கையில் ஒரு வேலை இருக்க வேண்டும்.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அம்மா ஃபுமியே