எழுத்துக்கூட்டி வாசி, மக்கா

பெருங்கடவிளை
ஜூன் 9, திங்கள்

அன்பு மகன் ஜெனிலுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே நானும் அப்பாவும் தங்கச்சி லிஷாவும் உடம்புக்குச் சுகமாக இருக்கிறோம். மனசுக்கும் சுகம் என்று எழுதினால் அது பொய். நீ அங்கே சுகமா என்று எல்லாக் கடிதத்திலும் வருகிற வரிதான் இதிலும் வருகிறது. ஆனால் இந்த முறை அதை வழக்கத்துக்காக எழுதவில்லை, பதில் வேண்டும் என்று எழுதுகிறேன். சுகமா மக்கா?

இதைக் கொண்டுவந்து உன் கையில் தந்தது அப்பா. நாகர்கோவிலைத் தாண்டாத மனிதர் உனக்காக இரண்டு நாள் ரயிலில் உட்கார்ந்து புனே வந்திருக்கிறார். நீ வாசித்து முடிக்கும் வரைக்கும் வாய் திறக்கக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். அவருக்கு அது ஒன்றும் கஷ்டமில்லை, கல்யாணம் ஆன நாள் முதல் அதைத்தானே செய்கிறார். போனில் சொன்னால் போதாதா என்று கேட்பாய். போனில் நீ எங்கே விடுகிறாய்? நான் ஒன்று தொடங்கும் முன்னே நீ ஒன்பது பேசி, ஒன்பதையும் பாதியில் விட்டு, சிரித்து, வைத்துவிடுகிறாய். மலையாளத்தில் எழுதினால் ஒரே ஓட்டமாக ஓட்டிவிட்டுத் தூக்கிப் போடுவாய். தமிழை நீ சண்டே ஸ்கூலில் சங்கீதப் புத்தகம் வைத்து என்னிடம்தான் படித்தாய், இன்றைக்கும் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாய். அதற்காகத்தான் தமிழில் எழுதுகிறேன். சின்னதில் செய்தது போல வரிக்குக் கீழே விரலை வைத்து வாசி.

இங்கே இடவப்பாதி மழை பிடித்துவிட்டது. அம்பூரி ரப்பர் விளையில் பாதி மரத்துக்குத்தான் மழை படாமல் பிளாஸ்டிக் கட்டி முடிந்தது, மீதி மரத்தில் பால்வெட்டு நின்று கிடக்கிறது. லிஷாவுக்கு நெய்யாற்றின்கரையில் ஒரு லேபில் வேலை கிடைத்தது, முதல் நாளே குடையை பஸ்ஸில் விட்டுவிட்டு வந்தாள். மரச்சீனிக் கிழங்கு இந்த வருஷம் கசப்பு. பார், சொல்ல வந்ததை விட்டுவிட்டு மரச்சீனியைப் பற்றி எழுதுகிறேன். இதற்குள் மூன்று தடவை எழுந்து வாசல் கேட் வரைக்கும் போய்விட்டு வந்தாயிற்று. அங்கே யாரும் வரவில்லை, வருவதாகவும் இல்லை. சும்மா இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

சித்திரை விஷு கழிந்த வாரம் அனகா உன்னிடம் இனி வேண்டாம் என்று சொன்னாள். நாலு வருஷப் பழக்கம். நீ சாப்பிடாமல் கிடந்ததும், போனில் அழுததும், அப்பா போனை வாங்கிக்கொண்டு சாப்பிடு மக்கா, சாப்பிடு மக்கா என்று அதையே சொன்னதும் எனக்கு மறக்காது. பிறகு மே மாசம் பாதியில் திடீரென்று ஒரு நாள் நீ சிரித்துப் பேசினாய். பாடினாய். கர்த்தர் எனக்கு வழி காட்டிவிட்டார் அம்மா என்றாய். நான் முழங்கால் போட்டு நன்றி சொன்னேன். அதோடு விட்டேனா? மே மாசக் கடைசி வெள்ளிக்கிழமை சபைப் பெண்கள் சங்கக் கூட்டம் நம் வீட்டில். கர்த்தர் செய்ததைச் சாட்சி சொல்ல என் மகன் இருக்கிறான் என்று போனை ஸ்பீக்கரில் போட்டு மேசை நடுவில் வைத்தேன். நீ முக்கால் மணி நேரம் மூச்சு விடாமல் பேசினாய். வசனத்திலிருந்து பாட்டுக்கு, பாட்டிலிருந்து அம்பூரி விளைக்கு, அங்கிருந்து எருசலேமுக்குத் தாவினாய். எங்களுக்கு ஒன்றும் முழுசாகப் புரியவில்லை, புரியாததால் பெரிய விஷயம் என்று நினைத்தோம். ஆமென் ஆமென் என்று பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். சாயா ஆறி ஆடை கட்டியது. எனக்குத் தலை கால் புரியாத பெருமை.

ஆமென் சொல்லாத ஒருத்தி ரெஜிலா. நம் வார்டு ஆஷா ஒர்க்கர், உனக்குச் சின்னதில் போலியோ சொட்டு விட்டவள். மறுநாள் காலையில் வந்து அடுக்களை வாசலில் நின்றுகொண்டு கேட்டாள், "சரோஜக்கா, பரிசுத்த ஆவி எறங்கினவனுக்கும் ஒறக்கம் வரும். மோன் எத்தற மணிக்கூறு ஒறங்குகான்?" எனக்கு வந்த கோபத்தில், என் பிள்ளைக்குக் கிடைத்த ஆசீர்வாதத்தில் உனக்கு என்ன எரிச்சல் என்று கேட்டுவிட்டேன். சாயாகூடக் கொடுக்காமல் அனுப்பினேன். அவள் போகும்போது, "எரிச்சல் இல்லக்கா, பேடியாக்கும்" என்று மட்டும் சொன்னாள். பயம் என்ற அந்த வார்த்தை வீட்டை விட்டுப் போகவில்லை.

அதன் பிறகு பார்சல் வரத் தொடங்கியது. அப்பாவுக்கு மூன்று ஜோடி ஓட்டப்பந்தய ஷூ, ஒன்றும் அவர் காலுக்குச் சேராது. காப்பி குடிக்காத வீட்டுக்குக் காப்பி மெஷின். சபைக்கு என்று இரண்டு கிதார். லிஷா முதலில் சிரித்தாள், பிறகு சிரிக்கவில்லை. நீ அப்பாவைக் கூப்பிட்டு ரப்பரை எல்லாம் வெட்டிச் சாய்க்கணும், அங்கே உலகம் முழுக்க ஆட்கள் வருகிற பாட்டு மண்டபம் கட்டணும் என்றாய். யோசிப்போம் மக்கா என்றதற்கு, நீங்க சின்ன மனுஷன், சின்னதாகத்தான் யோசிப்பீங்க என்று சத்தம் போட்டாய். அப்பாவை எடுத்தெறிந்து நீ இந்த வயது வரை ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் அழுதேன். அவர்தான் சொன்னார், "அது அவன் இல்லட்டி, ஒறக்கம் இல்லாத தலையாக்கும் பேசுகது."

அனகாவும் கூப்பிட்டாள். குறை சொல்ல அல்ல. நீ ஒரே நாளில் நூற்றுக்கு மேலே மெசேஜ் அனுப்பியதாகவும், பாதி அன்பும் பாதி கோபமுமாக இருப்பதாகவும் சொன்னாள். "ஆன்ட்டி, எனக்கு அவன்மேல தேஷ்யம், கோவம் ஒண்ணும் இல்ல, அவனுக்கு என்னமோ ஆவுது" என்றாள். அந்தப் பெண்ணை நான் ஒரு வார்த்தை குறை சொல்லமாட்டேன், நீயும் சொல்லாதே. இனி அவளுக்கு ஒன்றும் அனுப்பவும் வேண்டாம். கடைசியாக உன்னோடு தங்கியிருக்கும் ஆதித்யனை நானே கூப்பிட்டேன். நம் பக்கத்து ஒற்றசேகரமங்கலத்துப் பிள்ளை, மறைக்கத் தெரியாது. "ரெண்டு வாரமாட்டு ரெண்டு மணிக்கூறுதான் ஆன்ட்டி ஒறங்குகான். எழும்பினா ஒரு ஷீணமும் சோர்வும் இல்ல. பைக் எடுத்தா பறக்குகான்" என்றான். நான் உடனே ரெஜிலா வீட்டுக்கு நடந்தேன். மழையில் குடையும் எடுக்கவில்லை. அவள் ஒரு பழியும் சொல்லாமல் தலை துவட்டத் துவர்த்து எடுத்துத் தந்தாள்.

அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன். மனசுக்கு ஓர் அடி விழுந்த பிறகு சிலருக்குத் துக்கம் ஒரு பக்கம் நிற்க, மூளை அளவுக்கு மீறி வேகம் பிடித்துவிடுமாம். உறக்கம் வேண்டாம் என்று தோன்றும், பேச்சு நிற்காது, கை நிற்காமல் வாங்கும், தன்னால் எல்லாம் முடியும் என்று தோன்றும், தடுத்தால் கோபம் வரும். டாக்டர்கள் அதற்கு மேனியா என்று பேர் சொல்வார்களாம். உனக்கு அதுதான் என்று அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அதைச் சொல்ல டாக்டர் வேண்டும். மருந்து உண்டு, குணமாகும், ஆனால் தள்ளிப்போடக்கூடாது என்றாள். நீ இப்போது சந்தோஷமாகத்தான் இருக்கிறேன் என்பாய். காய்ச்சல்காரனுக்குக்கூட உடம்பு சூடு என்று அடுத்தவன்தான் தொட்டுச் சொல்லணும். இன்னொன்று, நேராகக் கேள் அக்கா என்று அவள் சொன்னதால் கேட்கிறேன். சாகணும் என்ற நினைப்பு வருகிறதா மக்கா? வந்தால் அப்பாவிடம் சொல். அவர் திட்டமாட்டார். வாயால் சொல்ல முடியாவிட்டால் எந்த நேரமானாலும் 14416-ல் கூப்பிடு, தமிழிலும் மலையாளத்திலும் பேசுவார்கள்.

போன வெள்ளிக்கிழமை சங்கத்தில், ஜெனில் இன்றைக்கும் சாட்சி சொல்வானா என்று ஆசையாகக் கேட்டார்கள். நான் எழுந்து நின்று சாட்சி சொன்னேன். என் மகனுக்குச் சுகமில்லை, சுகமின்மையை நான் ஆவியின் வரம் என்று உங்கள் முன்னால் கொண்டாடினேன், அது என் பிழை, அவனுக்காக ஜெபியுங்கள், நாங்கள் டாக்டரிடமும் போகிறோம் என்றேன். ஒருத்திக்கும் ஆமென் வரவில்லை. ரெஜிலா மட்டும் சத்தமாக ஆமென் சொன்னாள். ஊர் என்ன பேசும் என்று இனி நீ யோசிக்க வேண்டாம், நான் முதலிலேயே பேசி முடித்துவிட்டேன்.

பைக் சாவியை ஆதித்யன் கையில் கொடு. கம்பெனிக்கு லீவு எழுது, ராஜினாமா எழுதாதே. ஒரு துளி குடிக்காதே. ரப்பர் மரம் அங்கேயே நிற்கும், வெட்டுவதா வேண்டாமா என்று நீ நன்றாக உறங்கி எழுந்து இரண்டு மாசம் ஆன பிறகு நாம் மூவரும் விளையில் போய் நின்று பேசுவோம். வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு அங்கே ஒரு டாக்டரிடம் ஆதித்யன் நேரம் வாங்கி வைத்திருக்கிறான். அப்பாவுக்கு இந்தி ஒரு எழுத்து தெரியாது, மராத்தி கேட்கவே வேண்டாம். ரோடு கடக்கவே பயப்படுவார். அதனால் அவர் உன்னைக் கூட்டிக்கொண்டு போகமாட்டார், நீதான் அவர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகவேண்டும்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, உன் உறக்கத்தையும் காப்பாராக. மறந்துவிடாதே, வெள்ளிக்கிழமை பத்தரை. இந்த வரி வரைக்கும் நீ எழுத்துக்கூட்டி வந்திருந்தால், அவ்வளவு நேரம் ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கிறாய், இன்றைக்கு எனக்கு அது போதும். இனி தலையைத் தூக்கி அப்பாவைப் பார். வாசித்து முடித்தேன் என்று சொல். ரயில் ஏறினது முதல் அவர் உன்னிடம் சொல்ல ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு இருக்கிறார்.

உன் அம்மா,
சரோஜம் ராபின்சன்