முஃபீதாவின் சம்மதத்துக்குக் காத்திருக்கிறது

என் செல்ல மச்சி முஃபீதாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கபுறுக்குள் அடங்கியவர்களுக்கும் ஸலாம் சொல்லத்தானே நமக்குப் படிப்பித்தார்கள். நீ பதில் சொல்லமாட்டாய் என்று தெரிந்தும், கொஞ்சம் பொறுத்துவிட்டுத்தான் அடுத்த வரியைத் தட்டுகிறேன்.

உன்னில் எனக்குக் கோபம். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, "கெதியா வந்திருவன், என்ட லெப்டொப்பை ஆருக்கும் குடுக்காத கா" என்று சொல்லிவிட்டுப் போனவள் நீ. மனுசியை இப்படியா ஏமாற்றுவது?

லெப்டொப் நம் மேல்மாடி அறையில், உன் மேசையில் அப்படியே இருக்கிறது. நிந்தவூரிலிருந்து காலை பஸ்ஸில் கல்முனைக்கு வந்து இறங்கி, படியேறும்போதே "மச்சி, தேத்தண்ணி!" என்று கத்துவாயே, அந்த நேரத்துக்கு இன்னும் என் காது வாசலுக்குப் போகிறது. வெட்கம் கெட்ட காது.

நாம் என்ன வேலை செய்கிறோம் என்று உன் உம்மா கேட்டது ஞாபகமா? கிளினிக்கில் டொக்டரிடம் காட்ட நம்பர் எடுக்கிற இணையத்தளத்தைப் பார்த்துக்கொள்கிறோம் என்பது மாமிக்கு விளங்கியது. அதற்கு இரண்டு பெண்கள் நாள் முழுக்க ஏன் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கவேண்டும் என்பதுதான் விளங்கவில்லை.

"உம்மா, அந்தத் தளம் ஓடுற சேர்வரை நாங்க கையால கட்டுறல்ல" என்றாய் நீ. "எப்பிடிக் கட்டணும் எண்டு எழுதி வைக்கிற. எழுத்தில ஒரு வரிய மாத்தினா, பைப்லைன் எண்டு ஒண்டு இரிக்கி, அது பாத்து தானாவே புதுசாக் கட்டிரும். பழைய எழுத்தும் அழியாம இரிக்கும். சரிவராட்டித் திரும்பிப் போகலாம்."

மாமி அண்ணாந்து பார்த்துவிட்டு, "அப்ப இந்தக் குசினிக் கூரையையும் எழுதிப் போடுங்க புள்ள, ஒழுகுது" என்றார். நீ சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி மூக்கால் வந்தது.

சேர்வர்களுக்கு உன் பஸ் வரும் பாதையையே பெயராக வைத்தாய். எழுதியதை முதலில் இறக்குவது பாலமுனையில், சோதித்துப் பார்ப்பது நிந்தவூரில், சனங்கள் உண்மையில் பாவிப்பது கல்முனையை. ஒவ்வொரு ஊரையும் தாண்டும்போது கொண்டக்டர் மாதிரி, "நிந்தவூர் விட்டுட்டு, கல்முனை ஆக்கள் முன்னுக்கு வாங்க!" என்று கூவுவாய். கீழே கடைக்கு வந்தவர்கள் நமக்கு என்னவோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள்.

அந்தப் பெயர்களாலேயே ஒருநாள் மாட்டிக்கொண்டோமே! அந்தக் கிழமை தளத்தை இடம்மாற்றிக்கொண்டிருந்தோம். எந்தச் சேர்வரை வைத்துக்கொள்வது, எதை அழிப்பது என்று நான்தான் சொல்லவேண்டும். நான் குசினியில் மீன் பொரித்துக்கொண்டு, "ஊரை மட்டும் வெச்சிட்டு மத்ததை அழி கா" என்று குரல் கொடுத்தேன். எனக்கு ஊர் என்றால் கல்முனை. உனக்கு ஊர் என்றால் நிந்தவூர். நீ உன் ஊரைப் பத்திரமாக வைத்துக்கொண்டு என் ஊரை அழித்துவிட்டாய். கிளினிக்கிலிருந்து போன் வந்தபோது, "அல்லாஹ்வே, நீ எந்த ஊரைச் சொன்ன?" என்று கேட்டாயே, அந்த முகத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. சிரித்து முடிய அழுகை வருகிறது.

எழுத்து கையில் இருந்ததால் தப்பினோம். நோயாளிகளின் விபரங்கள் வேறிடத்தில் பத்திரமாக இருந்தன. பைப்லைனை மறுபடி ஓடவிட்டோம், மீன் ஆறுவதற்குள் கல்முனை எழும்பி நின்றது. அன்றைக்கே நீ ஒரு விதி எழுதினாய். நான் எழுதுவதை நீ பார்த்துச் சம்மதிக்காமல் கல்முனைக்கு எதுவும் போகக்கூடாது, நீ எழுதுவதை நான் பார்க்கவேண்டும். "நம்மட வாயை நம்பேலா மச்சி" என்றாய்.

இப்போது அந்த விதிதான் என்னைப் பிடித்து வைத்திருக்கிறது. விடிய சுபஹுத் தொழுகைக்குப் பிறகு சனம் ஒன்றாக வந்து நம்பர் எடுக்கும்போது தளம் உறைந்துவிடுகிறது. பெரிய சேர்வருக்கு மாற்ற எல்லாம் எழுதிவிட்டேன். அது நிந்தவூர்வரை வந்து நிற்கிறது. 'முஃபீதாவின் சம்மதத்துக்குக் காத்திருக்கிறது' என்கிறது திரை. சரி, உன் பெயரை எடுத்துவிட்டு வேறு ஆளைப் போடுவோம் என்றால், அந்த மாற்றத்துக்கும் உன் சம்மதம் வேண்டுமாம். பாரன் கூத்தை! உயிரோடு இருக்கும்போதும் உன்னை மீறி ஒன்றும் செய்ய ஏலாது, இப்போதும் ஏலாது.

உன்னுடைய வேலைக்குச் சிஃபானா வந்திருக்கிறாள். பாலமுனைக்காரி, கொழும்பில் இதே வேலை செய்தவள். "ராத்தா, விதியைத் தாண்டிப் போற அதிகாரம் உங்கட்ட இரிக்கிதானே. ஒரு பட்டன். கிளினிக் ஆக்கள் வேற இடம் பாக்கப் போறாங்களாம். ஏன் இழுக்கிறீங்க?" என்று கேட்டாள். எரிந்து விழுந்தேன். பாவம், அவள் சொன்னது சரிதான். ஆனால் உன் பெயருக்குப் பக்கத்தில் 'காத்திருக்கிறது' என்று இருக்கும்வரை, நீ எங்கேயோ வழியில் வந்துகொண்டிருப்பது போல எனக்கு. இதை அவளிடம் எப்படிச் சொல்வது?

நேற்று நிந்தவூருக்குப் போய், உன் பெயரை எடுக்கவேண்டியிருப்பதை மாமியிடம் சொன்னேன்.

"அவள்ட பேரை எடுத்தா அவள் செஞ்சதெல்லாம் போயிருமா மகள்?" என்று கேட்டார்.

"இல்ல மாமி. அவள் எழுதின ஒவ்வொரு வரிக்கும் அவள்ட பேர் இரிக்கும். அதை ஆரையும் தொட விடமாட்டன். வேலையால மட்டும்தான் எடுக்கிற."

மாமி முக்காட்டால் கண்ணைத் துடைத்தார். "அப்ப எடுங்க. மவுத்தானவளுக்கு வேலையக் குடுத்து வெச்சிட்டு இரிக்காதீங்க. என்ட புள்ள ஓய்வா இரிக்கட்டும்."

இன்று அஸர் தொழுதுவிட்டு, சிஃபானாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, உன் பெயர் இருந்த இடத்தில் அவள் பெயரைப் போட அந்தப் பட்டனை அழுத்தினேன். விதியை ஏன் தாண்டுகிறாய், காரணம் எழுது என்று கேட்டது. இத்தனை நாளும் எனக்கு வராத காரணம் மாமிக்கு வந்திருந்தது. அதையே எழுதினேன்: என்ட புள்ள ஓய்வா இரிக்கட்டும்.

இனி உன்னிடம் வேலை கேட்கமாட்டேன், மச்சி. ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் உனக்காகக் கையேந்துவேன். இது வாக்கு. இதற்கு யாருடைய சம்மதத்துக்கும் நான் காத்திருக்கவேண்டியதில்லை.

உன் மாமாவின் மகள்,
மச்சி ரிஸ்வானா
கல்முனை